ராசம்மா அக்கா மறைத்த கூடு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, எஸ்டேட் ஆபீஸ் ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தபோது ராசம்மா அக்காவின் மகள் சாந்தியின் போன் வந்தது. "அம்மா போயிட்டாங்க ஐயா" என்றாள். அழுது முடித்துவிட்டு, "மாலை போட ஒரு நல்ல படம் ஊட்டுல இல்லீங்க. ஆதார் படத்துல அவங்க மாதிரியே இல்ல. நீங்க எடுத்திருப்பீங்கல்ல?" என்று கேட்டாள். வருடக்கணக்காகக் கழுத்தில் கேமராவோடு திரிகிறவனைத்தானே கேட்பாள்! தேடித் தருகிறேன் என்றேன்.

நீலகிரியில் கிளென்மார்கன் போகும் வழியிலுள்ள எங்கள் தேயிலை எஸ்டேட்டில் ராசம்மா அக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. சிறுவயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து பெற்றோருடன் வந்தவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இங்கே கொழுந்து எடுத்தவர். கிளார்க்கான என்னைக் கடைசி வரை 'கிளாக்கரையா' என்றார். கையில் கேமரா இருந்தால் மட்டும் நான் 'படந்தொரை', அதாவது படமெடுக்கும் துரை. என்னைவிட இரண்டே வயது மூத்தவர். ஏசும்போது இருபது வயது கூடிவிடும்.

அவரிடம் நான் வாங்கிய பெரிய ஏச்சைச் சொல்ல வேண்டும். ஏழாம் நம்பர் மலையில் ஒரு தேயிலைச் செடிக்குள் சின்னான் குருவி கூடு கட்டியிருந்தது. உள்ளே மூன்று குஞ்சுகள். ஒரு போட்டிக்குப் படம் அனுப்பும் ஆசை எனக்கு. குறுக்கே இரண்டு கிளைகள் இடைஞ்சலாக இருந்ததால் பேனாக்கத்தியால் வெட்டிவிட்டேன். வெயில் நேராகக் குஞ்சுகள் மேல் விழுந்தது. நல்ல வெளிச்சம் என்றுதான் அப்போது நினைத்தேன். அவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. விறகுக்கு வந்த அக்கா பார்த்துவிட்டார். ஓடிவந்து, கேமராவுக்கும் கூட்டுக்கும் நடுவே உள்ளங்கையை விரித்து நிழல் பிடித்தபடி என்னை முறைத்தார். அந்த நொடியில் என் விரல் பட்டனை அழுத்திவிட்டது.

"ரெண்டு வாரமா சூப்பர்வைசர்கிட்ட ஏச்சு வாங்கிக்கிட்டு இந்தச் செடியில கொழுந்தெடுக்காம விட்டிருக்கேன். நீங்க வந்து வெட்டவா?"

விறகு கட்டக் கொண்டுவந்த கயிற்றில் ஓர் இழையைப் பிரித்து, பக்கத்துச் செடியின் கிளையை வளைத்துக் கூட்டின் மேல் கட்டினார். பிறகு என்னைத் தூரத்துப் பாறைக்குப் பின்னால் கூட்டிப் போனார். "ஆளு நிக்கிற எடத்தத்தான் காக்கா பாக்கும், குஞ்சத் தூக்கிரும். இங்க உக்காருங்க. தாய் வர்ற வரைக்கும் போகப்படாது" என்றார்.

தாய்க்குருவி வரவில்லை. மூன்று உயிர்களைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அக்கா கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏசினாலாவது தேவலை என்றிருந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, வாயில் புழுவோடு தாய் வந்து இலைக்குள் நுழைந்தது. "இனி ஊட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு விறகைத் தூக்கிக்கொண்டார்.

கூட்டுப் படங்களையெல்லாம் அன்று மாலையே அழித்தேன். அக்கா கையை விரித்து முறைக்கும் ஒன்றை மட்டும் ஏனோ அழிக்கவில்லை.

சில நாட்கள் கழித்து அக்கா ஆபீஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "மூணும் பறந்துருச்சு படந்தொரை. கூடு காலியா கெடக்கு. இப்பப் போயி ஆச தீர எடுங்க!" ஆபீஸே சிரித்தது. போய் அந்தக் கயிற்றிழையை அவிழ்த்து வந்தேன். இன்றும் என் கேமராப் பையில் இருக்கிறது.

தேடியதில் அக்காவின் படம் அது ஒன்றுதான் கிடைத்தது. இத்தனை வருடத்தில் அவரை ஒருமுறைகூட உட்காரவைத்துப் படமெடுக்கத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. தயங்கித்தான் சாந்தியிடம் காட்டினேன். அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுதாங்க எங்கம்மா. எங்களயும் இப்பிடித்தான் பாப்பாங்க" என்றாள்.

பிரேம் போடும் கடைக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முகம் நல்லா இருக்குங்க. கைதான் குறுக்க வருது. வெட்டிரட்டுங்களா?"

"எதையும் வெட்டாதீங்க" என்றேன்.

ராசம்மா அக்கா எனக்கு விட்டுப்போனது அந்தச் சொல்தான்.