அர்ச்சனைக்குச் சொன்ன பெயர்

இதை அம்மாவிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை.

மலேரியா எங்கள் ஊரையே ஆட்டிவைத்த காலம். எனக்குப் பன்னிரண்டு வயது. கான் தெ மாஸ்க் தோட்டத்தில் கரும்பு வெட்டிய என் அண்ணன் வேலு, பிரான்சிலிருந்து கப்பலில் வரும் படக்கதைப் பத்திரிகையை வாங்கி வருவான். அதில் வரும் மாலுமி லெயோன் என்றால் எங்கள் இருவருக்கும் உயிர். அப்போது வந்த இதழில் லெயோன் புயலில் சிக்கிக் கடலில் விழுந்துவிட்டான். "தொடரும்" என்று போட்டிருந்தது.

அதே வாரம் அண்ணன் காய்ச்சலில் படுத்தான். "அண்ணன் பேருக்கு அர்ச்சனை பண்ணிட்டு வா" என்று அம்மா என்னைக் கோயிலுக்கு அனுப்பினாள்.

"பேரு என்னம்மா?" என்றார் பூசாரி.

அண்ணனுக்கு வெறும் காய்ச்சல், பார்த்துக்கொள்ள அம்மா இருக்கிறாள். நடுக்கடலில் கிடக்கும் லெயோனுக்கு யார் இருக்கிறார்கள்? "லெயோன்" என்றேன். நட்சத்திரம் மட்டும் அண்ணனுடையதைச் சொன்னேன். பூசாரி சந்தேகப்படவில்லை. எங்கள் தீவுத் தமிழர்களில் பலருக்குப் பிரெஞ்சுப் பெயரும் உண்டு.

அந்தத் திருநீற்றைத்தான் அம்மா அண்ணன் நெற்றியில் பூசினாள். "லெயோன் வீவான்?" என்று தீவின் பேச்சுமொழியான கிரியோலில் முனகினான் அவன். லெயோன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்கிறான். மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டான்.

அடுத்த இதழைக் கடைக்காரர் அண்ணனுக்கென்று எடுத்துவைத்திருந்தார். பிரித்துப் பார்த்தேன். லெயோன் கரையேறியிருந்தான்.

இன்றும் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் என் வாயில் "வேலு" என்றுதான் வருகிறது. யாரென்று கேட்டுவிட்டு, செத்தவங்களுக்கு அர்ச்சனை கிடையாதம்மா, உயிரோடு இருக்கிறவங்க பேரைச் சொல்லுங்க என்கிறார் பூசாரி.