பதினோராம் படியும் அம்மாவின் இலையும்

அந்த ஒரு துண்டு அதிரசத்தை நான் அம்மாவுக்குக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இதற்கு இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. டாக்டரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. ஆனாலும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. என் உடம்பு பெருத்ததும், நோய் எட்டிப் பார்த்ததும், இப்போது மெல்ல இளைத்துவருவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்தன. என்னைப் போல உடம்பைக் குறைக்க வேண்டிய நிலையில் இருக்கும் சகோதரிகளுக்காக எழுதுகிறேன். சரியாகத்தான் எழுதுகிறேனா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

நாங்கள் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், கடைவீட்டின் மாடியில் குடியிருக்கிறோம். என் கணவர் துறைமுகத்தில் குமாஸ்தா. எங்களுக்கு ஐந்து வயதில் வள்ளி என்று ஒரு மகள். அம்மாவும் கடைசி மூன்று வருடங்கள் எங்களோடுதான் இருந்தார். அவருக்கு நான் ஒரே பெண்.

அம்மா பருத்த உடம்புக்காரர். மதுமேகம் (சிறுநீரில் சர்க்கரை இறங்கும் நோய்) வந்து, கால் பெருவிரலில் ஒரு புண் ஆறாமல் நின்றது. டாக்டர் உணவுப் பட்டியல் ஒன்று எழுதினார். அரிசி கூடாது, வெல்லம் கூடாது, கிழங்கு கூடாது, பழம் கூடாது. நான் பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்பதால் அதை என் கையில் கொடுத்தார். நான் அதை அழகான எழுத்தில் பிரதி எடுத்து, சமையலறையில் உணவு வைக்கும் கம்பிவலை அலமாரியின் கதவில் ஒட்டினேன். அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

தீபாவளிக்கு வள்ளிக்காக அதிரசம் சுட்டேன். அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“யாரும் பாக்கல. ஒரு துண்டு குடு, போதும்.”

“பட்டியல்ல இல்லம்மா.”

அம்மா கோபிக்கவில்லை, சிரித்தார். “உன்னப் பள்ளிக்கூடத்துல சேத்தது நான்தானே, அனுபவிக்கிறேன்” என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குத் திரும்பினார்.

பத்தொன்பதாம் நாள் இறந்துபோனார். கால் அழுகிவிட்டது.

முதல் வருடம் மாதந்தோறும் அவருடைய திதியில் படையல் போட்டோம். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைப்பது வழக்கம். நான் மறுத்ததையெல்லாம் வைத்தேன். அதிரசம், சர்க்கரைப் பொங்கல், வாழைக்காய் வறுவல், பாயசம். காக்கைக்கு ஒரு கவளம் போக, அந்த இலை பெண்ணாகிய எனக்கு. முதல் படையலன்று உறவுக்காரப் பெண் ஒருத்தி, “உங்கம்மா வாயில போகுதுன்னு நெனச்சுச் சாப்பிடு” என்றாள். ஆறுதலுக்குச் சொன்னதுதான். நான் அதை அப்படியே செய்தேன். திதியன்று மட்டுமல்ல, மற்ற நாட்களிலும்.

எங்கள் மாடிப்படியில் பத்தொன்பது படிகள். அம்மா பதினோராம் படியில் நின்று, இடக்கையைச் சுவரில் ஊன்றி மூச்சு வாங்குவார். கை பட்டுப் பட்டுச் சுண்ணாம்பில் ஓர் எண்ணெய்த் தடம் விழுந்திருந்தது. அம்மா போன அடுத்த வருடம், ஒரு மாலை காய்கறிக் கூடையோடு ஏறும்போது எனக்கு மூச்சு முட்டியது. நின்றேன். கை தானாகச் சுவருக்குப் போனது. நிமிர்ந்து பார்த்தபோது அது அந்தத் தடத்துக்குள் சரியாகப் பொருந்தியிருந்தது.

கீழே பால்காரர் வீடு. அவர் மனைவி காத்தாயி அக்கா மறுநாள் என்னை நிறுத்தினார்.

“நேத்து படியில ரெண்டு பேரு ஏறுற சத்தம் கேட்டுச்சு. எட்டிப் பாத்தா நீ ஒருத்திதான். உங்கம்மாதான் வந்துட்டாங்களோன்னு எனக்குக் கையெல்லாம் சிலுத்துப்போச்சு.”

அவர் கேலியாகத்தான் சொன்னார். நான் அந்த வாரமே டாக்டரிடம் போனேன்.

அம்மாவைப் பார்த்த அதே டாக்டர்தான். யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். சிறுநீரை ஒரு நீல மருந்தோடு கண்ணாடிக் குழாயில் விட்டுக் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, கொஞ்சம் மஞ்சள் தட்டி நின்றது. அம்மாவுடையது செங்கல் நிறமாக மாறியது எனக்கு நினைவிருந்தது.

“இன்னும் முத்தேல்லை” என்றார். “உடம்பைக் குறைச்சால் இது நிக்கவும் கூடும். எப்பிடிக் குறைக்கிறதெண்டு வாற கிழமை வாங்கோ, ஆறுதலாக் கதைப்பம்.”

அந்த ஒரு வாரம் நான் காத்திருந்திருக்க வேண்டும். காத்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த அம்மாவின் பட்டியலை எடுத்து, அதே அலமாரியில், பழைய பசைத் தழும்பின் மேலேயே ஒட்டினேன். பூட்டினேன். சாவியைக் கணவரிடம் கொடுத்தேன்.

“அலமாரிச் சாவியோட ஆபீஸுக்குப் போற குமாஸ்தா இந்தத் துறைமுகத்துல நான் ஒருத்தன்தான்” என்றார். ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

எட்டு நாட்கள் கீரையும் முட்டையும் மோருமாக இருந்தேன். வளையல்கள் தளர்ந்தன. உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் பகலில், வீடு ஓய்ந்த நேரத்தில், சமையலறை வாசலில் யாரோ நிற்பது போலவே இருக்கும். திரும்பிப் பார்க்க மாட்டேன். பசி வயிற்றில்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். எனக்கு அது முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

ஒன்பதாம் நாள் மதியம் புட்டுமாயம் (இடியாப்பம்) விற்பவர் தலைக்கூடையோடு தெருவில் வந்தார். வள்ளிக்கு மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். அவள் சத்தமில்லாமல் வந்தாள். பிசைந்த புட்டுமாயமும் தேங்காய்ப்பூவும் நாட்டுச் சர்க்கரையும் அவள் உள்ளங்கையில் கசிந்துகொண்டிருந்தன.

“அம்மா, யாரும் பாக்கல. சாப்பிடு.”

அம்மா என்னிடம் அதிரசம் கேட்டபோது வள்ளி பக்கத்தில் இருந்தாளா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அவள் கையிலிருந்ததைத் தின்றேன். அவள் தட்டில் மீதியிருந்ததையும் தின்றேன். அலமாரியின் கம்பிவலையை ஒரு மூலையில் பிய்த்து, கையை விட்டு வெல்லக் கட்டியை எடுத்துத் தின்றேன். வலை கீறி ரத்தம் வந்தது. அலமாரியில் சாய்ந்து நின்று வள்ளி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சொன்ன நாள் தாண்டித்தான் அவரிடம் போனேன். எதையும் மறைக்கவில்லை.

“அந்தப் பட்டியல் ஆருக்கு எழுதினது?”

“அம்மாவுக்கு.”

“முத்தின சர்க்கரை வருத்தத்துக்கு எழுதினது. உங்களுக்கு நான் இன்னும் ஒண்டும் எழுதேல்லையே.”

அப்போதுதான் அதிரசக் கேள்வியைக் கேட்டேன். அவர் பேனாவை வைத்துவிட்டார்.

“எனக்குத் தெரியாது, பிள்ளை. புண் அப்பவே மேல ஏறிட்டுது. ஒரு துண்டு அதிரசத்தால நாள் குறைஞ்சிருக்குமோ இல்லையோ, நான் எப்பிடிச் சொல்லுறது?” பேனாவை மறுபடி எடுத்தார். “அதை விடுங்கோ. நீங்கள் எத்தினை மணிக்குச் சாப்பிடுறனீங்கள்?”

என்ன சாப்பிடுகிறாய் என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். எப்போது என்று யாரும் கேட்டதில்லை. யோசித்தபோதுதான் தெரிந்தது, நான் உட்கார்ந்து சாப்பிட்டு வருடக்கணக்காகிறது. கணவருக்கும் குழந்தைக்கும் போட்டபின், நின்றபடியே குழந்தை தட்டின் மீதி, சட்டியின் அடி, காலையில் மிஞ்சியது என்று எல்லாவற்றையும் வாயில் போட்டுக்கொள்வேன். அதை நான் சாப்பாடாகவே எண்ணியதில்லை.

“பூட்டைக் கழட்டுங்கோ” என்றார் டாக்டர். “எட்டு நாளைக்குச் சாப்பிடக்கூடிய சாப்பாடு வேண்டாம். கிழவியாகும் மட்டும் சாப்பிடக்கூடிய சாப்பாடு வேணும். அதுக்கு முதல் இருந்து சாப்பிடுங்கோ.”

அன்றிரவே கணவரோடு சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தேன். அவருக்குக் கூச்சமாக இருந்தது.

“எங்கம்மா பாத்தா என்ன சொல்லுவாங்க?”

“உங்கம்மா நாகப்பட்டணத்துல இருக்காங்க. இங்க நடக்கிறது அங்க தெரியாது.”

“உன் கையால ஒரு கடுதாசி போட்டாப் போதும், தெரிஞ்சுடும்” என்று சொல்லி, தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தினார்.

என் தட்டில் முதலிலேயே அளந்து போட்டுக்கொள்கிறேன். மதியம் ஒரு கரண்டி சோறு, அதைவிட இரு மடங்கு கீரையும் காயும், கொஞ்சம் மீன். இரவில் கேழ்வரகு. குழந்தையின் மீதி என் வாய்க்கு வருவதில்லை, காத்தாயி அக்காவின் எருமைக்குப் போகிறது. “என் எருமை பெருத்துடுச்சு, நீ எளச்சுட்ட” என்று அவர் குறைபட்டுக்கொள்கிறார். விடியலில் குதிரைப் பந்தயத் திடலைச் சுற்றி நடக்கிறேன். இனிப்பு வாரத்தில் ஒருநாள், தட்டில் வைத்து, வள்ளிக்கு முன்னால், ஒளிக்காமல். இதில் மூன்று முறை தவறியிருக்கிறேன். தவறிய மறுநாள் பட்டினி கிடக்காமல், வழக்கமான ஒரு கரண்டி சோற்றையே சாப்பிட வேண்டும். எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

ஐந்து மாதத்தில் நிற்கும் படி பதினொன்றிலிருந்து பதினான்கானது. இப்போது பத்தொன்பதும் ஒரே மூச்சு. குழாயில் நீலம் நீலமாகவே நின்றது.

சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் போன வாரம் தலைவாரும்போது வள்ளி கண்ணாடியில் என்னையே பார்த்துவிட்டு, “நீ இப்ப அம்மாச்சி மாதிரி இல்ல” என்றாள். முன்பெல்லாம் பார்க்கிறவர்கள், அப்படியே உங்கம்மா என்பார்கள். கொஞ்ச நாளாக யாரும் சொல்வதில்லை. என் தாடையிலும் கைகளிலும் அம்மா இருந்திருக்கிறார். நானே அவரைக் கரைத்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. மூச்சு வாங்காவிட்டாலும் பதினோராம் படியில் சில நாள் நின்று, தடத்தில் கையை வைக்கிறேன். இப்போது அது என் கையைவிடப் பெரிதாக இருக்கிறது.

அடுத்த மாதம் அம்மாவின் இரண்டாம் வருடத் திதி. இலையில் அதிரசம் வைப்பதா, வேண்டாமா? வைக்காவிட்டால் மறுபடியும் மறுத்தவள் ஆவேன். வைத்தால் அந்த இலையை நான்தான் சாப்பிட வேண்டும். நான் தொடாமல் எழுந்தால் வள்ளி பார்ப்பாள். முழுதும் தின்றாலும் பார்ப்பாள். நாளைக்கு எனக்காகச் சாவி வைத்திருக்கப் போகிறவள் அவள்தான் என்றால், அவளுக்கு இப்போது நான் எதைக் காட்டுவது?

இதே நோயில் தாயை இழந்து, அதே நோய்க்குப் பயந்து சாப்பிடும் சகோதரிகள் யாராவது இருந்தால், உங்கள் வீட்டில் அந்த இலையை என்ன செய்கிறீர்கள் என்று இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். நான் இன்னும் வெல்லம் வாங்கவில்லை.