நாலாம் படுக்கையின் கை

மூச்சு கொடுக்கும் பையை அழுத்திக்கொண்டிருந்தேன். ஒன்று... இரண்டு... விடு. ஒன்று... இரண்டு... விடு. முகமூடிக்குக் கீழே அனூக்கின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. மணி 3.42. நம்பாதவர்கள் அன்றைய பதிவேட்டைப் புரட்டலாம். நேரம் என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

அனூக் என் அண்ணன் மகள். வயது இருபத்தாறு. பித்தப்பைக் கல் ஆபரேஷன் முடிந்து, கண் விழித்து, "தாகமா இருக்கு அத்தை" என்று பேசியவள். நான் அதே ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டருக்குப் பக்கத்தில் நின்று சுவாசக் கருவியைக் கவனிப்பவள். பத்தொன்பது வருஷ சர்வீஸ்.

அன்று காலை மயக்க மருந்து டாக்டர் வாலியேர் கேட்டார். "குடும்பத்துல யாருக்காவது ஸ்டைனர்ட் வியாதி உண்டா?"

எங்கள் சகெனே ஆற்றங்கரையில் தவறாமல் கேட்கும் கேள்வி. அந்த வியாதிக்காரர்களுக்கு மூடிய கை சட்டென்று விரியாது. இமை தொங்கும். வலி மருந்து கொஞ்சம் கூடினாலும், ஆபரேஷன் முடிந்து மணிக்கணக்கான பிறகுகூட மூச்சு நின்றுவிடும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் யாரைக் கேட்டாலும் அது பக்கத்து வீட்டு வியாதி.

பழைய டாக்டர்கள் சிலர் பேச்சோடு பேச்சாகக் கை குலுக்கிப் பார்த்துவிடுவார்கள். இவர் மாண்ட்ரியாலிலிருந்து வந்து மூன்றே வாரம்.

கட்டிலருகே அனூக்கின் வருங்கால மாமியார் மதாம் கிராவெல். ஜூனில் கல்யாணம்.

"எங்க மருமக குதிரை மாதிரி, டாக்டர்! அந்தச் சீக்கெல்லாம் அவ வம்சத்துலயே கிடையாது!"

அனூக் என்னைப் பார்த்தாள். காபிக் கோப்பையை விட முடியாமல் அவள் விரல்கள் தவிப்பதை நான் பார்த்திருக்கிறேன். நான் பார்த்தது அவளுக்கும் தெரியும்.

நான் குனிந்து சலைன் குழாயைச் சரிசெய்தேன்.

"இல்லை" என்றாள் அனூக்.

மாலை 3.38. ஜனவரி. ஜன்னலில் அதற்குள் இருட்டத் தொடங்கியிருந்தது. அனூக் கண்காணிப்பு அறையில், ஒன்றாம் படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்தாள். நர்ஸ் லுசெட் மேஜையில் எழுதிக்கொண்டிருந்தாள். நான் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

கடைசியில் நாலாம் படுக்கை. திரை மூடியிருந்தது.

திரையிலிருந்து ஒரு கை நீண்டது. என் கையைப் பிடித்தது.

ஜில்லென்று...

"சின்னவளே..." மூக்கால் பேசும் குரல். "புள்ள தூங்குறா... ரொம்ப நல்லா தூங்குறா..."

"யாருங்க? கையை விடுங்க!"

விடவில்லை. இல்லை... விட முடியவில்லை அந்தக் கையால். விரல்கள் ஒவ்வொன்றாக, மெல்ல...

சுண்டுவிரல்.

மோதிர விரல்.

நடுவிரல்...

ஓடினேன்.

அனூக்கின் மார்பு அசையவில்லை. அப்போதுதான் கருவியே அலறத் தொடங்கியது.

டாக்டர் ஓடி வந்தார். "எதையோ மறைச்சிருக்கீங்க. என்னது? சொல்லுங்க!"

சத்தம் கேட்டு மதாம் கிராவெலும் வாசலில் வந்து நின்றார்.

"ஸ்டைனர்ட்..." என்றேன். "எங்க ரத்தத்துலயே இருக்கு."

"அடிப்பாவி! காலையில வாயில என்ன வச்சிருந்தே?" என்றார் மதாம்.

பையை அழுத்தினேன்.

மூன்று நாள் சுவாசக் கருவிதான் அவளுக்கு மூச்சு விட்டது. பிழைத்துக்கொண்டாள்.

"நாலாம் படுக்கையா?" லுசெட் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அது காலையிலேர்ந்து காலி. நீ முதல்ல போய் ஏதாவது சாப்பிடு."

தொண்டையிலிருந்து குழாயை எடுத்த அன்று அனூக் கரகரத்த குரலில் கேட்டாள்.

"அத்தை... அப்பா உன் கையைப் பிடிச்சுட்டு நின்னாரே. என்ன சொன்னார்?"

நான் குனிந்து போர்வையைச் சரிசெய்தேன்.

வாய் 'யாருங்க' என்று கேட்டதே தவிர, குரலைக் கேட்டதுமே எனக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. என் அண்ணன் ரெழான். எட்டு வருஷத்துக்கு முன் குடலிறக்க ஆபரேஷனுக்கு இதே மாடிக்கு வந்தவன், திரும்பிப் போகவில்லை. சாவுக்குக் காரணம் இதயம் என்று எழுதினார்கள். அனூக்கும் அதைத்தான் நம்புகிறாள்.

அன்று ஆபரேஷனுக்குள் போகும்முன் அண்ணன் என் காதோடு சொன்னான். "எனக்கு வெட்கமா இருக்கு. வியாதி விஷயத்தை டாக்டர்கிட்ட நீயே சொல்லிடு, சின்னவளே."

நான் சொல்லவில்லை.