சண்டை வீட்டுச் சீனி

சென்ற ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் எங்கள் கட்டடத்துக் கூடத்தில் இளம் பெற்றோருக்கு ஒரு வகுப்பு நடந்தது. என் மகன் கல்லூரி முடிக்கப் போகிறான். எனக்கு அங்கே வேலையே இல்லை. சமோசா உண்டு என்றார்கள், போனேன். மைக்கைப் பிடித்த பெண், பிள்ளை அழும்போது முதலில் நீங்கள் அமைதியாகுங்கள், அது பிள்ளைக்கும் தொற்றும் என்று சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள். அப்புறம் டீ வந்தது, கூடவே காகிதப் பொட்டலத்தில் சீனி. அதைக் கிழித்துக் கொட்டும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் சொன்னது பாதிதான். பெரியவர்களின் கோபத்தை இறக்கப் பிள்ளைகளை அனுப்பிய ஒரு சந்தில் வளர்ந்தவள் நான். நம்பமாட்டீர்கள், அனுப்பும்போது கையில் ஒரு கிண்ணமும் கொடுப்பார்கள்.

எண்பதுகளின் தாராவி. ஆளுக்கு ஒற்றை அறை, மேலே தகரம், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகை. பக்கத்து வீட்டுச் செல்வியக்கா மிளகாய் வறுத்தால் நாங்கள் தும்முவோம். சண்டையும் அப்படித்தான், யார் வீட்டில் நடந்தாலும் எல்லார் வீட்டிலும் நடக்கும். பெரியவர்கள் உள்ளே போய் விலக்கினால் மானப் பிரச்சினை ஆகிவிடும். அதனால் ஒரு பிள்ளையை அனுப்பிச் சீனி கேட்கச் சொல்வார்கள். எவ்வளவு கத்துகிற மனுஷரும் வாசலில் கிண்ணத்தோடு நிற்கிற அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் கத்த முடியாது. டப்பாவைத் தேடி, மூடியைத் திறந்து, சாப்பிட்டியா என்று கேட்பதற்குள் பாதிக் கோபம் போயிருக்கும். மீதிக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. சாயங்காலம் அதே பிள்ளை சீனியைத் திருப்பிக் கொண்டுபோகும். திருப்பிக் கொடுப்பது ஒரு சாக்கு. வீடு எப்படி இருக்கிறது என்று பார்த்துவரத்தான்.

எங்கள் சந்தில் அந்த உத்தியோகம் என்னுடையது. அப்போது எனக்கு ஆறு வயது. நான் அழகாக இருப்பதால்தான் அனுப்புகிறார்கள் என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். முன்பற்கள் இல்லாமல் நான் சீனி கேட்டால் யாருக்கும் சிரிப்பு வந்துவிடும், அதுதான் காரணம் என்று செல்வியக்கா பின்னால் சொன்னாள்.

இவ்வளவு பெரிய சமாதானத் தூதர், சொந்த வீட்டில் தரையில் புரண்டு அழுகிற ரகம். உம்மா அடிக்கவும் மாட்டாள், கெஞ்சவும் மாட்டாள். என்னை இழுத்து மடியில் போட்டு, என் முதுகைத் தன் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு வெங்காயம் உரிப்பாள். அவள் மூச்சு ஏறி இறங்க, என் விம்மலும் மெல்ல அதோடு சேர்ந்துவிடும். அவளுக்கும் அது தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். நான் அடங்கிய பிறகும் இறக்கிவிட மாட்டாள்.

வாப்பா தோல் பை தைக்கும் கார்கானாவில் வேலை பார்த்தார். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டுச் சாப்பிட வந்தவர், என்னை மேலப்பாளையத்தில் தன் அக்காவிடம் அனுப்பிவிடலாம் என்றார். தம்பி பிறந்த பிறகு அறையில் இடமில்லை, எனக்கு அடிக்கடி காய்ச்சல் வேறு. அக்காவும் சரி என்றுவிட்டாளாம். அது ஒன்றும் புதுமை இல்லை. எங்கள் சந்துப் பிள்ளைகள் சிலர் அப்படி ஊருக்குப் போய், பெருநாளைக்கு விருந்தாளியாக வந்து பெற்றவளிடமே கூச்சப்பட்டு நிற்பார்கள். வாப்பா என் நல்லதுக்குத்தான் யோசித்தார். உம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“எம் பிள்ளய அனுப்ப எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?”

அதன் பிறகு இருவரும் பேசியது சந்து முழுக்கக் கேட்டிருக்கும். பிள்ளை போனால் கைக்குழந்தையோடு நானும் அதே ரயிலில் போகிறேன் என்றாள் உம்மா. போ என்றார் வாப்பா. தம்பி வீறிட்டான். எனக்கு இந்த வீட்டை விட்டுப் போக வேண்டாம், அது மட்டும்தான் தெரிந்தது. மூலையில் நின்று வாசலையே பார்த்தேன். யாராவது ஒரு பிள்ளை சீனி கேட்டு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எப்படி வரும்? சந்தில் அனுப்புகிற பிள்ளை நான்தானே.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். கதவைச் சாத்தினேன். அப்புறம் தட்டினேன். செல்வியக்கா தன் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டது தெரிந்தது. வாப்பா திறந்தார், முகத்தில் இன்னும் சண்டை இருந்தது. கொஞ்சம் சீனி வேணுமாம் என்றேன், மற்ற வீடுகளில் கேட்கிற அதே குரலில்.

என்னைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். பழக்கம்தான், குரல் தானாக இறங்கியது.

“எந்த வீட்டுப் பிள்ளம்மா நீ?”

“இந்த வீட்டுப் பிள்ளதான் வாப்பா.”

அவர் விளையாட்டாகக் கேட்டாரோ என்னவோ, நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். உம்மா டப்பாவோடு வந்து கிண்ணம் வழியக் கொட்டினாள். சாப்பிட்டியா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எனக்கோ வேறு சிக்கல். வாங்கிய சீனியை எங்கே கொண்டுபோவது? செல்வியக்காதான் கூப்பிட்டு, சாயங்காலம் வரை தன் வீட்டில் வைத்திருந்து, முறைப்படி திருப்பி அனுப்பினாள்.

போனபோது தம்பி வாப்பாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். வாப்பா கிண்ணத்தை வாங்கி வைத்தார். என் பக்கம் திரும்பாமல் உம்மாவிடம் சொன்னார்.

“அக்காகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். பிள்ள இங்கனயே இருக்கட்டும்.”

அந்தச் சந்து இப்போது இல்லை, அங்கே மாடிக் கட்டடம் நிற்கிறது. நாங்களும் செம்பூருக்கு வந்துவிட்டோம். கெட்டிச் சுவர், கதவுக்கு முன்னால் இன்னொரு இரும்புக் கதவு. அடுத்த வீட்டுச் சத்தம் கேட்காது, நிம்மதி என்றுதான் முதலில் சொல்லிக்கொண்டோம். வயதான காலத்தில் வாப்பாவும் உம்மாவும் டிவிக்காகவும் மாத்திரைக்காகவும் சண்டை போடுவார்கள். குரல் ஏறும்போது இருவருமே சட்டென்று நிறுத்திவிட்டு வாசலைப் பார்ப்பார்கள். யாரும் வரப்போவதில்லை என்று தெரியும். ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரம் போதுமாக இருந்தது, அடங்கிவிடுவார்கள்.

வாப்பா போன பிறகு உம்மா யாரோடும் சண்டை போடுவதில்லை. சில மத்தியானங்களில் நானே வேண்டுமென்று அவளை வம்புக்கு இழுத்துப் பார்க்கிறேன். சரிம்மா என்று சொல்லிவிடுகிறாள்.