புயல் நிவாரணம் கேட்டு வந்தவர்கள்

தஞ்சாவூர்க் கடற்கரைப் பக்கம் புயல் அடித்ததாகச் செய்தி வந்தபோது, நான் கல்யாணமாகிச் சூளகிரிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் பிறந்த வீடு அந்தக் கடற்கரையில்தான். அப்பாவிடமிருந்து கடிதம் இல்லை. கணவருக்குக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். தபால்காரர் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு முற்பகலில், கதர்ச் சட்டை போட்ட இருவர் மாட்டு வண்டியோடு தெருவுக்கு வந்தார்கள். புயலில் வீடிழந்தவர்களுக்குத் துணியும் தானியமும் கேட்டார்கள். அடுத்த வீட்டு அக்கா ஒரு மூட்டைக் கேழ்வரகை வாசலுக்கு இழுத்து வந்தாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், இளகிய மனசு.

"இந்தப் பொண்ணும் அந்தப் பக்கந்தாங்க. இவ ஊரு எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க," என்றாள்.

ஊர்ப் பெயரைச் சொன்னேன். மூத்தவன் தலையை ஆட்டினான்.

"அந்த ஊரா? பூராவும் போயிடுச்சும்மா. மலைமேல ஏறினவங்கதான் மிச்சம்."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அம்மாவால் மலை ஏற முடியாதே என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. எந்த மலை? எங்கள் ஊரைச் சுற்றி மேடுகூடக் கிடையாது. மலையையே நான் இங்கே வந்துதான் பார்த்தேன்.

நிம்மதி வரவில்லை, வேறொரு பயம் வந்தது. தெருவில் ஆண்கள் எல்லோரும் காட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். இளையவன் என் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, "வீட்டுக்காரரு எங்கம்மா?" என்றான். இங்கே வந்து கற்ற அரைகுறைத் தெலுங்கில் அக்காவிடம் சொல்லலாமென்றால், இந்தப் பக்கத்து ஆட்களான இவர்களுக்கும் அது தெரிந்திருக்குமே.

"உள்ள ஒரு அண்டா இருக்குக்கா. குடுத்துடலாம். தூக்க ஒரு கை புடிங்க." குரல் நடுங்கியது. அழுகை என்று நினைத்துக்கொண்டார்கள்.

சமையலறையில் அவள் காதில் விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. ஆனாலும் வெளியே வந்து கும்பிட்டாள்.

"எங்க ஊருல எது குடுத்தாலும் மணியக்காரரு முன்னாலதாங்க குடுப்போம். சாவடியில இருக்காரு. வண்டிய அங்க ஓட்டுங்க, பின்னாலயே வர்றோம்."

வண்டி கிளம்பியது. சாவடிப் பக்கம் திரும்பாமல் ஒசூர் ரோட்டில் ஏறியது. இளையவன் திரும்பித் திரும்பி என் வீட்டைப் பார்த்துக்கொண்டே போனான்.

கேழ்வரகை மணியக்காரரே தாலுக்கா ஆபீசில் சேர்த்தார். நான் பட்டப்பகலிலும் கதவைத் தாழிட்டேன். இளையவன் திரும்பி வந்துவிடுவானோ என்று ஒரு பயம். மலை பொய்தான், ஆனால் மூத்தவன் வாய்க்கு வந்தபடி உளறியதில் மற்றது உண்மையாக இருந்துவிட்டால் என்று இன்னொரு பயம்.

அடுத்த வாரம் அப்பாவின் கார்டு வந்தது. அவர் கையெழுத்தைப் பார்த்தும், மேலே படிக்கத் தைரியமில்லை. தபால்காரரையே படிக்கச் சொன்னேன். கூரை போய்விட்டது, பசு போய்விட்டது, நாங்கள் எல்லோரும் இருக்கிறோம்.

"இன்னொரு தபா படிங்க," என்றாள் அக்கா.

அவர் படித்தார்.