பிளேட்லெட் கொடுக்க வந்தவர் கேட்ட கேள்வி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மழைக்காலத்தில் நடந்தது இது. நாங்கள் பெங்களூரு பொம்மனஹள்ளியில் இருக்கிறோம். எனக்கு கார்மென்ட்ஸில் தையல் வேலை. கணவர் டைல்ஸ் ஒட்டுபவர்.

ஒருநாள் அவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் பல் துலக்கும்போது ஈறில் வந்த ரத்தம் நிற்கவே இல்லை. பக்கத்து நர்சிங் ஹோமில், பிளேட்லெட் ரொம்பக் குறைந்துவிட்டது என்று சேர்த்துக்கொண்டார்கள். டெங்கு டெஸ்ட் எடுத்தால், இல்லை என்று வந்தது. “சில பேருக்கு டெஸ்ட்ல காட்டாதும்மா” என்றார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஊசி குத்திய இடத்தில் பஞ்சை எடுத்தால் மறுபடி ரத்தம். பிளேட்லெட் கொடுக்க ஆள் தேடச் சொன்னார்கள்.

கூட வேலை செய்யும் பெண் வாட்ஸ்அப்பில் என் நம்பரோடு செய்தி போட்டாள். அதைப் பார்த்து, முன்பின் தெரியாத ஒருவர் விவேக் நகரிலிருந்து லீவு போட்டுவிட்டு ரத்த வங்கிக்கு வந்தார். உள்ளே போன ஐந்தே நிமிடத்தில் திரும்பிவிட்டார். இரண்டு மாதம் முன்பு மலேரியா வந்ததாம். அவரிடம் எடுக்க மாட்டார்களாம்.

“அதுகூடத் தெரியாமலா வந்தீங்க?” என்று எரிந்து விழுந்தேன்.

“உடம்பு தேறிடுச்சேன்னு வந்துட்டேன்க்கா” என்றவர், கொஞ்சம் தயங்கி, “எனக்கும் இப்டிதான் ஈறுல ரத்தம் வந்துச்சு. அண்ணன் எங்கனா வெளியூர் போய்ட்டு வந்தாரா?” என்றார்.

“மங்களூர்ல ஒரு மாசம் வேலை. ஏன்?”

“அங்க மலேரியா ஜாஸ்திக்கா. அந்த டெஸ்ட் எடுத்தாங்களான்னு ஒருவாட்டி கேளுங்கக்கா.”

நர்சிங் ஹோமுக்கு ஓடிப்போய்க் கேட்டேன். எடுக்கவில்லை. அன்று மாலையே ரத்தத்தைப் பார்த்துவிட்டு மலேரியாதான் என்று மருந்தை மாற்றினார்கள்.

“ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட், மலேரியா வந்தா உள்ளயே செலவாயிடும்மா. அதான் வெளிய ரத்தம் நிக்கல” என்றார் டாக்டர். கொசு கடித்தால் காய்ச்சல் வரும், சரி. அதற்கும் ரத்தம் உறைவதற்கும் என்ன சம்பந்தம்? எனக்குத் தலை சுற்றியது. ஆனால் பிளேட்லெட் ஏற்றாமலே நாலு நாளில் அவர் தேறினார்.

மன்னிப்புக் கேட்க, பிளேட்லெட் கொடுக்க வந்தவருக்குப் போன் செய்தேன். நான் பேச ஆரம்பிப்பதற்குள், “அண்ணன் சாப்புடறாராக்கா?” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டர் சொன்னது இன்றும் எனக்குப் பாதிதான் புரிகிறது. திட்டு வாங்கிக்கொண்டு நின்ற அந்த நேரத்திலும் என் கணவரைப் பற்றியே ஒருவரால் எப்படி யோசிக்க முடிந்தது என்பது அதைவிடப் புரியவில்லை. ஆனால் யார் மீதாவது எரிந்து விழ வாய் திறக்கும்போது, அந்த நினைப்பு என்னை நிறுத்திவிடுகிறது.