காலியாகக் கிடந்த முன்வரிசை

போன ஞாயிற்றுக்கிழமை காக்ஸ் டவுன் சர்ச் ஹாலில் ஓர் இரங்கல் கூட்டம். கான்ஸ்டபிள் அருள்தாஸுக்காக. ஏற்பாடு செய்த கமிட்டியில் அடியேனும் உண்டு.

அருள்தாஸைத் தெரியாதவர் எங்கள் பேட்டையில் யார்? விளக்கு இல்லாமல் சைக்கிளில் போனால் விசில் ஊதிப் பிடிப்பார். பிடித்தால் லேசில் விடமாட்டார் – ஒரே உபதேசம்! திருவிழா நாளில் சர்ச் வாசலில் குவிகிற செருப்புகளுக்கும் அவர்தான் காவல். "உள்ளே சாமி பாத்துக்குவாரு, வெளியே நான் பாத்துக்கறேன். நீங்க போங்க சார்" என்பார்.

போன மாதம் அத்திபெலே பக்கம் லாரியை மறித்த கொள்ளைக்காரர்களைத் தடுக்கப் போனார்கள், அவரும் அவருடைய ஜோடி கான்ஸ்டபிள் ராஜண்ணாவும். கையில் வெறும் லத்தி. எதிரே அரிவாள். ஓடியிருக்கலாம்... ஓடவில்லை. அருள்தாஸ் விழுந்துவிட்டார். தோளில் வெட்டு வாங்கிய ராஜண்ணா அவரைச் சுமந்துகொண்டே ரோட்டுக்கு வந்தார். வழியிலேயே உயிர் போய்விட்டது.

அடக்கத்துக்குப் பிறகு ராஜண்ணா அருள்தாஸ் வீட்டுப் பக்கமே போகவில்லை. ஏனய்யா என்று கேட்டேன்.

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு சார் போறது? ஜோடியா போனோம். நான் மட்டும் வந்துட்டேனே!"

அருள்தாஸின் மனைவி ஸ்டெல்லாவோ, இன்று வருவார் நாளை வருவார் என்று ராஜண்ணாவுக்காகக் காத்திருந்தார். கணவர் கடைசியாக என்ன பேசினார் என்று கேட்க வேறு யார் இருக்கிறார்கள்?

கூட்டத்துக்கு வருவோம். போலீஸ்காரர்களுக்கென்று முன்வரிசை நாற்காலிகளை ஒதுக்கியிருந்தோம். வந்தார்கள், யூனிஃபாரத்தில். நேராகப் போய்ச் சுவர் ஓரமாக நின்றுகொண்டார்கள் – மேடைக்கு முதுகு, எங்களுக்கு முகம். பந்தோபஸ்தாம்! செக்ரட்டரி மைக்கில் கெஞ்சிப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. கூட்டம் என்றால் வேறு எப்படி நிற்பது என்று அவர்களுக்குத் தெரிந்தால்தானே!

மேடையில் வீரம், தியாகம் என்று பொழிந்து தள்ளினார்கள். நாங்கள் அதைக் கேட்கவே இல்லை. அத்தனை பெரிய மீசைகள் நனைந்துகொண்டிருந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஸ்டெல்லா மேடையிலிருந்து இறங்கி, நேரே ராஜண்ணாவிடம் வந்தார்.

"அண்ணா, இன்னிக்கு டியூட்டி வேணாம். திரும்பி அவரைப் பாருங்க."

"பேடம்மா... பேடா..." வேண்டாமென்று கன்னடத்தில் சொல்லி ராஜண்ணா தலையை ஆட்டினார்.

ஸ்டெல்லா விடவில்லை. கையைப் பிடித்துத் திருப்பினார். மேடையில் மாலை போட்ட போட்டோ. அவ்வளவுதான், மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"கடைசியா என்ன சொன்னாரு அண்ணா?"

"'உன் தோள்ல ரத்தம் கொட்டுதே, என்னை இறக்கி விடுப்பா'ன்னாரு. அதாம்மா கடைசி. நான் இறக்கலை."

ஸ்டெல்லா அழுதுகொண்டே சிரித்தார். "அவரு அப்படித்தான்" என்றார். ராஜண்ணாவை முன்வரிசைக்கு அழைத்துப் போய்த் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார்.

மற்ற போலீஸ்காரர்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார்கள். கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு போலீஸ்காரர்கூட இல்லை.

அன்றைக்கு வாசலில் ஒரு செருப்புகூடக் காணாமல் போகவில்லை!